கேம்பர் வேன் எடுத்துப் பாலைவனம் போகிறவர்கள், சாவி வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

நானும் என் கணவரும் கேம்பர் வேன் (படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன்) வாடகைக்கு எடுத்துப் பாலைவனத்தில் பத்து நாள் சுற்றக் கிளம்பினோம். பாலைவனம் எங்களை ஏமாற்றவில்லை, வேன் கொடுத்தவர்கள் ஏமாற்றினார்கள். இன்னொரு ஜோடி இதில் மாட்டக் கூடாது என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தினமும் இன்சுலின் போடுபவர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவைச் (பேனா வடிவ ஊசிக் கருவி) சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம், ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. மூடிய வேனுக்குள் மதிய வெயிலில் 40 எல்லாம் சாதாரணம். கூடாரம், ஹோட்டல் என்று யோசித்துவிட்டு, ஃபிரிட்ஜ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வேன் எடுத்தோம். இதை முன்பதிவின்போதே எழுத்தில் சொன்னோம், "கவலையே வேண்டாம்" என்று பதிலும் வந்தது.

வேனை ஒப்படைத்தவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். பின்னால் இரண்டு குடும்பம் காத்திருக்கிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அடுப்பு எரிந்தது, படுக்கை விரிந்தது, பேட்டரி மீட்டர் முழுசாக 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த நேரத்தில் வேன் கரண்ட் பிளக்கில் செருகி இருந்தது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது செத்துப்போன பேட்டரியும் அப்படித்தான் காட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிரிட்ஜையும் விளக்கையும் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் ஓய்வில், அதாவது சார்ஜும் ஏறாமல் எதுவும் ஓடாமல் இருக்கும்போது, 12.7 வோல்ட் இருந்தால் முழுசு, 12.1 வந்தால் பாதி காலி.

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. பேட்டரி காலி, வண்டி ஓடினால் ஏறிவிடும் என்று நினைத்தோம். மறுநாள் ஏறியது, அதுவும் சீக்கிரமே ஏறியது. சாயங்காலம் நிறுத்திய இரண்டாவது மணி நேரத்தில் மறுபடி காலி. சட்டென்று நிரம்பிச் சட்டென்று காலியாகிற பேட்டரி ஆயுள் முடிந்த பேட்டரி, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அலுவலகத்துக்கு போன் செய்தால், "கதவை அடிக்கடி திறக்காதீர்கள்" என்றார்கள். நடு ராத்திரியில் தூங்குகிறவர்கள் எத்தனை தடவை கதவைத் திறப்போம்?

இன்சுலினை ஈரத் துண்டில் சுற்றி நிழலில் காற்றுபடத் தொங்கவிட்டேன். பாலைவனக் காற்று வறண்டது, ஈரம் வேகமாகக் காய்ந்து ஓரளவு குளிர்ச்சி தரும். ஆனாலும் அதை நம்பி எட்டு நாள் ஓட்ட முடியாது இல்லையா. அதனால் மூன்றாம் நாள், போக நினைத்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, மருந்துக் கடை இருக்கும் ஊரை நோக்கி உச்சி வெயிலில் தார்ச் சாலையில் விரட்டினோம்.

அங்கேதான் பின்பக்க டயர் போனது. மேல்பட்டை உரிந்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் சக்கர வளைவை அடித்துக் கிழித்துவிட்டது. நல்லவேளை, இவர் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து மெதுவாக ஓரம் கட்டினார். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பேனர் மட்டும் அந்த வண்டியின் நட்டுக்குப் பொருந்தவில்லை. சிக்னல் இல்லை. நடந்து போய்ப் பார்க்கிறேன் என்றார், "வேண்டாங்க, வண்டியை விட்டுப் போகாதீங்க" என்று நான் பிடித்து உட்கார வைத்தேன். தொட்டித் தண்ணீர் போக, குடிப்பதற்கென்றே தனியாக 40 லிட்டர் கேனில் வைத்திருந்தோம், அதனால் தெம்பாக இருக்க முடிந்தது. நான்கு மணி நேரம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி உதவினார். அவர்தான் டயரின் பக்கச் சுவரைத் தடவி ஒரு எண்ணைக் காட்டினார். 2214. அதாவது 2014-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது. எங்கள் கைக்கு வரும்போது அதற்கு ஒன்பது வயது! மேல்பட்டையின் பள்ளங்கள் நல்ல ஆழமாகவே இருந்ததால் பார்வைக்குப் புதுசு போல இருந்தது, ரப்பரோ உள்ளுக்குள் காய்ந்து போயிருந்தது. "போட்டோ எடுத்து வைம்மா, டயரையும் தூக்கிப் போட்டுடாதே" என்றார். அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

வேனைத் திருப்பிக் கொடுத்தபோது வாடகையில் பாதிக்கும் மேலான தொகையை டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். புது டயர், சக்கர வளைவு, சுத்தம் செய்யும் கூலி என்று பட்டியல். கூடுதல் பணம் கட்டி "முழுப் பாதுகாப்பு" எடுத்திருந்தோமே என்றால், டயர், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் எதுவும் அதில் சேராது என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைக் காட்டினார்கள். ஃபிரிட்ஜில் வைத்த பொருளுக்கும் பொறுப்பில்லையாம். பேரே முழுப் பாதுகாப்பு! பணம் கட்டுமுன் எதெல்லாம் சேராது என்று கேளுங்கள், வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

வெளிப்புறக் கீறல்களை மட்டும் கவனமாகப் படம் எடுத்த நாங்கள் டயர் எண்ணை எடுக்கவில்லை. நீங்கள் ஸ்டெப்னியோடு சேர்த்து எல்லா டயரின் பக்கச் சுவரிலும் இருக்கும் அந்த நான்கு இலக்க எண்ணைப் படம் எடுங்கள். ஸ்பேனரை ஒரு நட்டில் மாட்டிப் பாருங்கள். பின்னால் யார் காத்திருந்தாலும் சரி, ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரர் எடுக்கச் சொன்ன படம், முன்பதிவுக் கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்துக் கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்தோம். இரண்டு மாதம் இழுத்தடித்து டயருக்குப் பிடித்த பணம் மட்டும் திரும்பி வந்தது. சக்கர வளைவுக்கான தொகை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, நான் விடுவதாக இல்லை.