ஷெரிஃப்: தேர்தலா, நியமனமா?

கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது; அதன் காவல்துறைத் தலைவர்தான் ஷெரிஃப். 2020-இல் அமெரிக்காவின் கிங் கவுண்டி மக்கள், ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாக்களித்தே விட்டுக்கொடுத்தார்கள். இப்போது அங்கே நியமனம். மயாமி-டேட் கவுண்டியோ எதிர்த்திசையில் போய், 2024-இல் ஷெரிஃப் தேர்தல் நடத்தியது. எது மேல்?

பேச்சு
நியமனம்: மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், நாக்கு கட்டுப்படும்.
தேர்தல்: வாய் வீச்சுக்கே வாக்கு விழலாம். அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் ஷெரிஃபாக இருந்த ஜோ அர்பாயோ கைதிகளைப் பாலைவன வெயிலில் கூடாரங்களில் அடைத்தார். இளஞ்சிவப்பு உள்ளாடை அணிய வைத்தார். அதைத் தொலைக்காட்சிக் கேமராக்களுக்குப் பெருமையாகக் காட்டினார். விசாரணை முடியாதவர்களுக்கும் அதே இளஞ்சிவப்பு உள்ளாடைதான். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மக்களோ 6 முறை அவரை வெற்றிபெற வைத்தார்கள்.

நீக்கம்
நியமனம்: நியமித்த நிர்வாகமே மாற்றலாம்.
தேர்தல்: பெரும்பாலும் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை இனம் பார்த்து மறித்ததாக அர்பாயோவின் துறை மீது 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தோற்றது 2016-இல்.

செலவு
அந்த ஒரு வழக்கால் மட்டும் கவுண்டிக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவு. எல்லாம் வரிப்பணம்.

ஷெரிஃபை ஊரே முகம் பார்த்து அறிந்திருக்கும் சிறிய கவுண்டிக்குத் தேர்தல் பொருந்தும். கவுண்டி நிர்வாகத்தின் மீதே நம்பிக்கை இல்லாத இடத்துக்கும் அதுதான். பல இனத்தவர் வாழும் பெரிய கவுண்டிக்கு நியமனமே நல்லது, கூடவே சுதந்திரமான கண்காணிப்புக் குழுவும் வேண்டும்.