மதுரைக் குன்றுகளில் ஒரு வழிகாட்டியோடு

விடுமுறைக்கு மதுரை வரும் வெளிநாடுவாழ் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே தடத்தில்தான் சுற்றுகிறோம். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், அழகர்கோவில், நேரம் மிச்சம் இருந்தால் கொடைக்கானல். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இந்த முறை வந்தபோது, நகரத்தைச் சுற்றியிருக்கும் சமணக் குன்றுகளையும் குகைகளையும் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து, தனியாக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டோம். என் கணவர், கல்லூரி போகும் மகள், எழுபதைத் தாண்டிய அப்பா, நான். ஏற்பாடு எப்படி அமைந்தது, எதற்கு எவ்வளவு ஆனது என்று உறவினர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் நகரத்தில் ஒரு பயண நிறுவனத்தில்தான் விசாரித்தோம். பெயர் வேண்டாம். கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி என்றதும், "அங்க வெறும் பாறைதான் மேடம், பிள்ளைங்களுக்கு போரடிக்கும்" என்றார்கள். வற்புறுத்தியபோது வண்டி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். வழிகாட்டி யார் என்று கேட்டால், டிரைவரே எல்லாம் சொல்லுவார் என்ற பதில்தான் வந்தது. முந்தின நாள் மாலை அந்த டிரைவரிடம் பேசியபோது எங்கள் பட்டியலில் இருந்த மாங்குளத்துக்கே அவர் போனதில்லை என்பது தெரிந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. எனக்குப் பணத்தை விட, சொந்த ஊரின் இரண்டாயிரம் வருடப் பழமையை 'வெறும் பாறை' என்று சொல்லி விற்காமல் விடுகிறார்களே என்பதுதான் வருத்தம்.

பிறகு அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் மூலம் மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் கிடைத்தார். வரலாறு படித்தவர், கல்வெட்டுப் படிக்கவும் பயிற்சி எடுத்தவர். வழிகாட்டிக்கு நாளுக்கு 2,500 ரூபாய், தெரிந்தவரின் இன்னோவாவுக்கு டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்று போனிலேயே தனித்தனியாகப் பேசிக்கொண்டோம். இப்படிப் பிரித்துப் பேசுவது நல்லது. சேர்த்துப் பேசினால் வழிகாட்டிக்கு என்ன போய்ச் சேருகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, காலைல ஆறு மணிக்குக் கிளம்பிடணும். பத்து மணிக்கு மேல பாறை சுட்டுடும், ஐயாவால நடக்க முடியாது."

முதல் நாள் கீழக்குயில்குடி. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை அருகே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். அப்பாவுக்கு அங்கேயே மனம் நிறைந்துவிட்டது. மலையின் தென்மேற்குப் பக்கத்தில் செட்டிப்புடவு. குகை வாசலுக்கு இடதுபுறம் பாறையில் உட்கார்ந்த கோலத்தில் மகாவீரர். நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லிச் சொல்லி, குகைக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

வெளிச் சிற்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் வழிகாட்டி உள்ளே போய்த் தரையில் உட்காரச் சொன்னார். நின்றால் தலை இடிக்கும், அண்ணாந்தாலும் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து கண் பழகியதும் கூரை வளைவில் வரிசையாகச் சிற்பங்கள் தெளிந்தன. ஓர் ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஒரு பெண் தெய்வம் வில்லேந்தி நிற்க, எதிரே யானை மேல் ஒருவன் வாளும் கேடயமுமாக வருகிறான். நடுவில் முக்குடையின் கீழ், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் மூவர் அசைவில்லாமல் அமர்ந்திருக்கிறார்கள். மறு ஓரத்தில் இயக்கி எனப்படும் இன்னொரு பெண் தெய்வம். சண்டையும் அமைதியும் ஒரே கூரையில். என் மகள் போனை எடுக்கவே மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சிப்பள்ளம் மலையின் இன்னொரு பக்கம். படிகள் வெட்டியிருக்கிறார்கள், கைப்பிடியும் உண்டு. அப்பா நிதானமாக ஏறிவிட்டார். சுனைக்கு மேலே பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களும் சமணத் துறவி பாகுபலியும் வரிசையாக இருக்கிறார்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. அதில் ஒன்றை வழிகாட்டி விரலால் தொடாமல் காற்றிலேயே கோடு இழுத்துப் படித்துக் காட்டினார்: அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி 9-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் குன்றுகள் பலவற்றில் சிற்பங்கள் செய்வித்த சமண முனிவர். மகனின் புகழ் பல இடங்களில் இருக்க, தாயின் பெயர் இந்தச் சிறு வரியில் நிலைத்து நிற்கிறது. இன்னும் மேலே ஏறினால் பாண்டியர் காலத்து மாதேவிப் பெரும்பள்ளியின் (பள்ளி என்றால் சமணத் துறவிகளின் இருப்பிடம்) அடித்தளமும் ஒரு கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. அப்பாவைச் சுனை பக்கம் நிழலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் போய் வந்தோம்.

யானைமலையில் நரசிங்கம் கோயிலை மட்டும் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770-இல் குடைவித்த கோயில் அது. பணி முடியும் முன்பே அவர் இறந்துபோக, அடுத்து அமைச்சரான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. ஒத்தக்கடையைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்த மலை இது. அதற்குள் அண்ணன் தம்பி கதை ஒன்று இருப்பது இவ்வளவு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள்தான் முக்கியமான நாள். நான்குவழிச் சாலையில் மேலூர் போகும் வழியில் நரசிங்கம்பட்டியில் திரும்பி அரிட்டாபட்டி. கண்ணுக்கு எட்டிய வரை பாறைக் குன்றுகள், இடையிடையே கண்மாய்கள். 2022 நவம்பரில் இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பரப்பு 193 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதல். வல்லூறு, கழுகு வகைகள் இந்தப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. வழிகாட்டி பைனாகுலர் கொண்டுவந்திருந்தார். அதை எங்களிடம் கொடுக்கும் முன் சத்தம் போடக் கூடாது என்று கறாராகச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையில் பாறைக்கு நெற்றிப் புருவம் வைத்தது போலக் குகைக்கு மேலே நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் விளிம்போடு சொட்டிப் போய்விடும். அந்தக் காடிக்குக் கீழே நனையாத இடமாகப் பார்த்து, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமி. நேராகப் பார்த்தால் வெறும் பாறையாகத்தான் தெரிகிறது. பலர் படம் எடுப்பதற்காகச் சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுத்துவிட்டுப் போகிறார்களாம். எங்கள் ஆள் ஒரு சின்ன டார்ச்சைப் பாறையோடு பாறையாகப் பக்கவாட்டில் பிடித்தார். நிழல் விழுந்ததும் எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

"பாப்பா, இதுல கூட்டல் குறி மாதிரி இருக்குறது எல்லாம் 'க' வரிசை. எங்கெங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றார். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என் மகள். அவள் தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள், பிறகு இன்னொன்றை. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்த முழாகையை, அதாவது குகையை, கொடுத்தான் என்பது அந்த வரி. அடுத்த கல்வெட்டில் இலஞ்சியைச் சேர்ந்த வேள் ஒருவரின் மகன் கொடை. நெல்வேலி எங்கே, இலஞ்சி எங்கே, அரிட்டாபட்டி எங்கே! அவ்வளவு தொலைவிலிருந்து வந்து துறவிகளுக்குத் தங்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் எங்களுக்கு அந்தப் பெயர்கள் மிக நெருக்கமாகத் தெரிந்தன.

மலையின் இன்னொரு புறம் 8-ஆம் நூற்றாண்டுவாக்கில் குடையப்பட்ட சிவன் கோயில். சிவனின் அவதாரமாகக் கருதப்படும், கையில் தண்டம் ஏந்திய இலகுலீசரின் சிற்பம் அங்கே உண்டு. தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் இவரைப் பார்க்க முடியும்.

மதியச் சாப்பாட்டை ஊரிலேயே ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தார். சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, கீரைக் கடைசல், மோர். ஆளுக்கு 150 ரூபாய் நேராக அந்த அம்மாவிடமே கொடுத்தோம். கழிப்பறையும் அங்கேதான் கிடைத்தது. நாங்கள் பார்த்த குன்றுகள் ஒன்றிலும் பக்கத்தில் கழிப்பறை இல்லை. பெண்களும் வயதானவர்களும் போகிற இடத்தில் இதைக் கூடச் செய்து தராதது பெரிய குறை. தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து அடிவாரத்தில் ஒரு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், நிழலில் ஒரு பெஞ்சு போட்டுக்கொடுத்தால் போதும். மலை மேல் எதுவும் கட்டவே வேண்டாம்.

சாப்பாடு போட்ட அந்த அம்மா டங்ஸ்டன் போராட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2024 நவம்பரில், இந்த ஊரையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டார ஊர்கள் மொத்தமும் எழுந்தன. சட்டமன்றம் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணி போனார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. "நானும் நடந்தேன் தாயி. முட்டி வலி பார்த்தா மலை மிஞ்சுமா?" என்றார். பெர்த்தில் உட்கார்ந்து போனில் பார்த்த செய்தியை, அதில் நடந்தவர் வாயால் கேட்டது இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு.

மாங்குளம் குகைகளுக்கு மீனாட்சிபுரத்திலிருந்து ஏற வேண்டும். ஏற்றம் கடினம், கடைசிப் பகுதியில் பாறை செங்குத்து. அப்பாவால் முடியாது என்பதை முன்கூட்டியே கணித்து, ஊர்ப் பெரியவர் ஒருவரை அடிவாரத்தில் அவரோடு உட்கார ஏற்பாடு செய்திருந்தார் வழிகாட்டி. நாங்கள் இறங்கி வருவதற்குள் இருவரும் கண்மாய், நெல், மாடு என்று நெடுநேரம் பேசி உறவு கொண்டாட ஆரம்பித்திருந்தார்கள். பணம் கொடுத்தும் வாங்க முடியாத சேவை என்றால் இதுதான்.

மேலே கற்படுக்கைகள், தலைமாட்டில் சற்று உயர்த்தி வெட்டிய தலையணையோடு. 1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் இந்தக் கல்வெட்டுகளைப் பதிவு செய்தார். மொழி தமிழ்தான் என்று 1924-இல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். தமிழ் பிராமி ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இவற்றை கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியில் இருந்த கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்குச் செய்வித்த பள்ளி. வெள்ளறை வணிகர் குழு கொடுத்தது இன்னொன்று. சங்கப் பாட்டில் படித்த நெடுஞ்செழியன் என்ற பெயர் கைக்கெட்டும் தூரத்தில் கல்லில் இருக்கிறது. அதே குகையின் படுக்கைகளில் காதலர் பெயர்களைக் கீறியும், கரியால் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது.

கடைசியாகக் கீழவளவு. மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. குகை இருக்கும் குன்று மட்டும் தப்பி நிற்க, சுற்றிலும் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த பள்ளங்களில் பச்சைத் தண்ணீர். இந்த வட்டாரத்துக் குவாரி முறைகேடுகளை விசாரிக்கத்தான் 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது. குகையின் கல்வெட்டில் எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கின்றன. தொண்டியைச் சேர்ந்த உபாசகன் (துறவு பூணாத அடியவன்) ஒருவன் கொடுத்த பள்ளி. கடற்கரைத் தொண்டியிலிருந்து இங்கே வந்து கொடுத்திருக்கிறான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மகளே அதைக் காட்டினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். இந்த இடங்கள் எதற்கும் எங்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. பிடிமானமுள்ள ஷூ கட்டாயம், தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால் கீழக்குயில்குடியும் அரிட்டாபட்டியும் போதும், மாங்குளத்தை விட்டுவிடலாம். வழிகாட்டியிடம் பேசும்போது ஒரே கேள்வி கேட்டால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்: எந்தெந்தக் கல்வெட்டை அங்கே வைத்தே படித்துக் காட்டுவீர்கள்? தனி ஏற்பாடு கட்டுப்படியாகாது என்றால், உங்கள் விடுமுறையில் பசுமை நடைக் குழுவின் நடை ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்த காலத்தில் தொடங்கியது அது. இந்தக் குன்றுகளுக்கு மக்களை ஞாயிறுதோறும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை என்ற அளவில் கூட்டமாக அழைத்துப் போய்ப் பழக்கியவர்கள் அவர்கள்தான்.

எங்கள் வழிகாட்டிக்குப் பேசிய தொகைக்கு மேல் கொடுத்தபோது வாங்கத் தயங்கினார். அப்பாதான், "வச்சுக்க தம்பி, நல்ல டார்ச்சா ஒண்ணு வாங்கு" என்று சட்டைப் பையில் வைத்தார். அடுத்த வருடம் என் நாத்தனார் குடும்பம் நியூஜெர்சியிலிருந்து வருகிறது. அவர்களுக்கும் இவரைத்தான் சொல்லியிருக்கிறேன், தை மாதத்துக்கு இப்போதே தேதி வாங்கியாகிவிட்டது.