எட்டு கோப்ளின்களா, ஓர் ஓகரா?

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு. ஆட்டக்காரர்கள் நாலு பேர், எல்லோரும் மூன்றாம் லெவல். எதிரே எட்டு கோப்ளின்களை, அதாவது குட்டி அரக்கர்களை, நிறுத்துவதா, ஒரே ஓர் ஓகரையா, அதாவது பெரிய அரக்கனையா? எது கஷ்டமான சண்டை என்பதற்கு விதிநூலுக்கு விதிநூல் பதில் மாறுகிறது.

2014 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (எதிரியின் பலத்தை அளக்கும் அனுபவப் புள்ளி), எட்டுக்கு 400. எதிரிகள் ஏழு முதல் பத்து வரை இருந்தால் அதை 2.5-ஆல் பெருக்க வேண்டும், ஆக 1000. இந்தக் குழுவுக்கு 900-ஐத் தொட்டாலே ‘கடினம்’. ஓகர் 450, தனி ஆள் என்பதால் பெருக்கல் கிடையாது, எனவே ‘சுலபம்’. கணக்குப் போடுவது அலுப்புதான். ஆனால் காரணம் நியாயமானது: ஓகர் ஒரு சுற்றில் ஒருமுறைதான் தடியை வீசும், கோப்ளின் கூட்டம் எட்டு முறை வெட்டும்.

2024 பதிப்பில் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கோப்ளின்கள் 400, ஓகர் 450. அடிமட்டச் சண்டைக்கே 600 வரை இடமிருப்பதால் இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. போதாததற்கு ஓகர்தான் பெரிது என்றும் ஆகிறது. கூட்டம் கூடினால் ஆபத்து கூடும் என்ற எச்சரிக்கை எழுத்தில் உண்டு, எண்ணில் இல்லை. புதிதாக ஆட்டம் நடத்துபவர் எண்ணைத்தானே நம்புவார்? இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே வகைப் போட்டி விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2019, எதிரிக்கும் குழுவுக்கும் இடையே எத்தனை லெவல் வித்தியாசம் என்று மட்டும் பார்க்கிறது. ஓகர் போர்வீரன் அங்கே மூன்றாம் லெவல், குழுவுக்குச் சமம்: 40 எக்ஸ்பி, அற்பம். கோப்ளின் வீரன் நாலு லெவல் கீழே: தலைக்கு 10, மொத்தம் 80, நடுத்தரம். ஐந்தாம் லெவல் எதிரி ஒன்று வந்தாலும் அதே 80தான். பகடை வீச்சில் லெவலும் சேர்வதாலும், இலக்கை 10 தாண்டினால் கிரிட்டிக்கல், அதாவது இரட்டிப்பு அடி, ஆவதாலும் இந்த எண்கள் மேசையில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அப்புறம், சண்டைக்கு முன் எல்லோரும் காயம் ஆறியிருப்பார்கள் என்பதே இதன் எதிர்பார்ப்பு. 2014 நூலோ ஒரே நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டைகளை மனதில் வைத்தது. எங்கள் மேசையில் ஒரு மாலைக்கு இரண்டைத் தாண்டியதில்லை; அதனால் அதன் ‘கடினம்’ எங்களுக்குப் பல நாள் சப்பென்றே போயிற்று.

கணக்கில் எனக்குப் பாத்ஃபைண்டர்தான். ஆனால் என் குழு 2024 பதிப்பைத்தான் விரும்புகிறது. சரி, எட்டையும் ஒரேயடியாக இறக்காமல் முதலில் ஐந்து கோப்ளின்கள், மற்ற மூன்றும் கதவுக்குப் பின்னால். பாதிப் பேர் விழுந்ததும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் விதிகளில் உள்ளதுபோல் இரண்டு பகடை உருட்டி, மிச்சமிருப்பவை நின்று சண்டை போடுமா, ஓடுமா என்று பார்க்கிறேன்.