ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "கேஸ் நான் பார்த்துக்கறேன்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் கட்டிலருகே ஃபைலுடன் ஒருவர் வந்து, "இன்சூரன்ஸ் பணம் நான் வாங்கித் தரேன், நீங்க ஒரு ரூபா செலவு பண்ண வேணாம்" என்று சொன்னால், அவரை அனுப்பிவிடுங்கள். என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். வக்கீல் பெயரும் ஊர் பெயரும் போடவில்லை. வக்கீல்களின் நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

நாற்பது சதவீதம் கமிஷன் அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆத்திரம். பேப்பர்களை வாங்கிப் படித்த பிறகுதான் தெரிந்தது, கமிஷன் போனது சின்ன நஷ்டம். கேஸையே சின்னதாக்கி, சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய நஷ்டம் அங்கேதான்.

மாமா வெல்டர். கேட், கிரில், ஷெட் கூரைக்கு இரும்புச் சட்டம் (truss) அடிப்பது அவர் வேலை. 2023இல் வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது, சர்வீஸ் ரோட்டிலிருந்து பார்க்காமல் ஏறிய கார் இடித்தது. வலது முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. அப்போது அவருக்கு 38 வயது. மறுநாளே அரசு மருத்துவமனையில் அந்த ஆள் வந்துவிட்டார், ஒரு வக்கீலுக்குக் கேஸ் பிடித்துக் கொடுப்பவர். விபத்து நடந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்கவில்லை. அந்த நிலையில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

நல்லபடியாகத்தான் பேசினார். அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "இங்க லேட் ஆகும்கா, எனக்குத் தெரிஞ்ச நர்சிங் ஹோம் இருக்கு" என்று ஆம்புலன்ஸும் ஏற்பாடு செய்தார். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், தனியாராக இருந்தாலும், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு குறிப்பிட்ட வரம்பு வரை செலவை ஏற்கும். அவர் சொன்ன நர்சிங் ஹோம் அந்தப் பட்டியலில் இல்லை. பிளேட் வைத்த ஆபரேஷன், மருந்து, ரூம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் போனது. கையில் இல்லாத நேரம் பார்த்து அவரே 20,000 ரூபாய் கொடுத்தார். அதற்கு ஒரு புரோநோட்டில் கையெழுத்து. அப்புறம் வக்காலத்தில், எழுதாத பேப்பர்களில், பேங்க் ஃபாரத்தில் என்று மாமா படுத்தபடியே போட்டுக்கொண்டே இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள் எல்லாமே ஒரிஜினலாக அவரிடம் போயின. ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்க விடவில்லை.

அவசரப்படுத்த அவர் சொன்ன காரணம், "ஆறு மாசம்தான் டைம்." இதில் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். சரி, ஆறு மாதம் என்பது ஆறு மாதம்தானே? மயக்க மருந்து தெளியாத ஆளிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்க என்ன தேவை?

அவர் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. 2022 விதிகளின்படி, விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டப்பிரிவு 166 சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்று ஒரு படிவத்தைக் கொடுக்க வேண்டியதும் விசாரணை அதிகாரியின் கடமை. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டதற்கு, "உங்க வக்கீல் ஆள்தான் எல்லாம் வாங்கிட்டுப் போனாரே" என்றார்கள். எஃப்.ஐ.ஆர். காப்பியும் அவரிடம்தான். அதில் லேசான காயத்துக்கான பிரிவு போட்டிருந்தார்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். டாக்டரின் காயச் சான்றிதழைக் கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை.

இனி மனுவுக்கு வருகிறேன். மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவை எம்.சி.ஓ.பி. என்று கோர்ட்டில் சொல்வார்களே, அந்த மனுவின் சான்று நகலை நாங்கள் பின்னாளில் வேறு ஒரு வக்கீல் மூலம் எடுத்தோம். தொழில்: கூலி. வருமானம்: மாதம் 10,000. மாமா மாதம் 18,000க்குக் குறையாமல் சம்பாதித்தவர். பட்டறை முதலாளியின் கடிதம், ஜிபேயில் வந்த பணம், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் காட்டியிருக்கலாம். அதைவிட மோசம், ஊனச் சான்றிதழுக்கு அவரை மெடிக்கல் போர்டுக்கே அழைத்துப் போகவில்லை.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். காயப்பட்டவருக்குத் தீர்ப்பாயம் இரண்டு வழியில் கணக்குப் போடும். ஊனம் சம்பாத்தியத்தைப் பாதிக்கவில்லை என்றால், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால், 20 சதவீத ஊனத்துக்கு ஒரு லட்சம். சம்பாத்தியத்தையே பாதிக்கிறது என்றால் கணக்கு வேறு. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வருஷ வருமானத்தைப் பெருக்க வயதுக்கு ஏற்ற எண்களை நிர்ணயித்தது. 36 முதல் 40 வயது வரை 15. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில், நாற்பது வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது. மாமாவுக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 ரூபாயுடன் 40 சதவீதம் சேர்த்தால் 25,200. வருஷத்துக்கு 3,02,400. அதை 15 ஆல் பெருக்கினால் 45,36,000. அதில் 20 சதவீதம் என்றால் 9,07,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், இனிமேல் ஆகும் சிகிச்சை, இதெல்லாம் தனி.

அந்த 20 சதவீதம்கூட மூட்டுக்கு டாக்டர் போடும் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது இதுதான்: கைகாலுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு. இடது கை போன தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், அதே கை போன அரசு குமாஸ்தா வேலையில் தொடரலாம் என்று உதாரணமும் காட்டியது. குத்துக்காலிட்டு உட்கார முடியாத, ஏணியில் ஏற முடியாத வெல்டருக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் கேட்கத்தான் வக்கீல். "கூலி" என்று எழுதிய அன்றே அந்தக் கேள்வி செத்துவிட்டது. தீர்ப்பாயம் ஒன்பது லட்சத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சண்டை போட்டிருப்பார், குறைந்திருக்கும். ஆனால் எதிலிருந்து குறைப்பது என்பதற்கே ஒரு எண் வேண்டாமா?

எங்களுக்குக் கிடைத்தது 3,40,000. லோக் அதாலத்தில், அதாவது இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்தில். ஒரு சனிக்கிழமை காலை போன் போட்டு, "இன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டா பணம், இல்லைன்னா அஞ்சு வருஷம் இழுக்கும்ணே" என்றிருக்கிறார். வக்கீலை மாமா முதல்முறையாக நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். கூட்டத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்து, முடிந்தது. லோக் அதாலத் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆவணம் எல்லாம் சரியாக இருந்து, தொகையும் புரிந்து ஒத்துக்கொண்டால் நல்ல வழிதான், காலமும் மிச்சம். ஆனால் அங்கே போட்ட கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. மோசடி நடந்தது என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது ஒன்றுதான் பாக்கி, அதுவும் சுலபம் இல்லை.

பணம் மாமாவின் பேங்க் கணக்குக்குத்தான் வந்தது, சட்டப்படி அப்படித்தான் வர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கியதே அந்த ஆள். செக் புக்கும் அவரிடம், வார்டில் வாங்கிய கையெழுத்தோடு. 40 சதவீதம் என்று 1,36,000, புரோநோட்டுக்கு 20,000 எடுத்துக்கொண்டு மீதி 1,84,000தான் மாமாவுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய கடனுக்கே அது பத்தாது.

வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசுவதே இந்திய பார் கவுன்சில் விதிப்படி தவறு. ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதும் தவறு. எங்கள் புதிய வக்கீல் இதைச் சொன்னபோது அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் சதவீதம்தான் பேசுகிறார்களாம்!

வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வேறு வக்கீல் வைத்தாலும் எம்.சி.ஓ.பி. நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து இ-கோர்ட்ஸ் ஆப்பில் வாய்தா தேதி, என்ன நடந்தது எல்லாம் நீங்களே பார்க்கலாம். நம்பர் தர இழுத்தடித்தால் ஆளை மாற்றுங்கள், வக்கீலை மாற்றும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. இடித்த காருக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை எம்-பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டால் காட்டும். ஒரிஜினல் பேப்பர் எதைக் கொடுத்தாலும் அதற்கு முன் போனிலாவது போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் கணக்கை மட்டும் நீங்களே போய்த் தொடங்குங்கள், பாஸ்புக்கும் செக் புக்கும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

மாமா இப்போது பட்டறையில் உட்கார்ந்து கிரைண்டிங் மட்டும் செய்கிறார், பாதிச் சம்பளத்துக்கு. காலில் இருக்கும் பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனுவில் வருங்கால மருத்துவச் செலவு என்று ஒரு வரி இருந்திருந்தால் அதற்கும் பணம் கேட்டிருக்கலாம். அந்த வரி அதில் இல்லை. அக்கா சீட்டு எடுத்துத்தான் அந்தச் செலவைப் பார்க்கப் போகிறாள்.