வாதம், பித்தம், கபம்: பெயர் ஒன்று, கணக்கு வேறு

நோயை மட்டும் பார்க்காமல் முழு உடலையும் பார்க்கிறோம் என்று சித்தமும் சொல்லும், ஆயுர்வேதமும் சொல்லும், யுனானியும் சொல்லும். அதனால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. இணையத்தில் பிறவி உடல்வாகைக் கணிக்கும் ஆயுர்வேதப் பிரகிருதிக் கேள்வித்தாளை நிரப்பி, "எனக்கு வாத உடம்பு" என்று முடிவு கட்டி, அந்த முடிவோடு சித்த மருந்துக் கடைக்குப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உடலை நடத்தும் மூன்று தன்மைகளாகச் சித்தமும் ஆயுர்வேதமும் சொல்பவை வாதம் (அசைவு), பித்தம் (சூடு), கபம் (குளிர்ச்சியும் கனமும்). பெயர் ஒன்றானாலும் கணக்கு வேறு. வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுர்வேதத்தில் குழந்தைப் பருவம் கபத்துக்கு உரியது, நடுவயது பித்தத்துக்கு, முதுமை வாதத்துக்கு. சித்தத்தில் ஆயுளின் முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு கபம். எழுபது வயதுக்காரரை ஒருவர் வாதக் காலத்தில் இருப்பவராகப் பார்க்கிறார், மற்றவர் கபக் காலத்தில் இருப்பவராகப் பார்க்கிறார். உணவு, எண்ணெய், தூக்கம் பற்றிய அறிவுரை எல்லாம் இதிலிருந்துதான் பிரிகிறது.

நாடியிலும் அப்படியே. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, சுட்டுவிரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று பார்ப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் ஆயுர்வேதத்தில் நாடி பாம்பு, அட்டைபோல் ஊர்ந்தால் வாதம், அன்னம், புறாபோல் மெல்ல நடந்தால் கபம். சித்தத்தில் அன்னம், கோழி, மயில் நடை வாதத்துக்கு, ஆமையும் அட்டையும் பித்தத்துக்கு, பாம்பும் தவளையும் கபத்துக்கு. இங்கே பாம்பு இடம் மாறிவிடுகிறது. சித்தம் இதோடு அளவும் சொல்கிறது: இயல்பான உடலில் வாதம் 1, பித்தம் 1/2, கபம் 1/4 மாத்திரை (நாடித் துடிப்பை அளக்கும் அலகு). வாதம் கூடுதலாக இருப்பதே அங்கே இயல்பு நிலை. ஆயுர்வேதக் கண்ணோடு இதைப் படிப்பவர் நோய் என்று எண்ணிவிடுவார்.

இவற்றைவிடப் பெரிய பிரிவு உடல் சுத்தியில் இருக்கிறது. சித்தத்தில் பேதி வாதத்தைத் தாழ்த்தும், வாந்தி பித்தத்தைத் தாழ்த்தும், நசியமும் (மூக்கில் விடும் மருந்து) அஞ்சனமும் (கண்ணில் இடும் மருந்து) கபத்தைத் தாழ்த்தும். ஆயுர்வேதத்தில் வாதத்துக்கு வஸ்தி (ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துதல்), பித்தத்துக்குப் பேதி, கபத்துக்கு வாந்தி. வாதத்தின் இருப்பிடம் தொப்புளுக்குக் கீழே என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. ஆனால் பேதி உடலை வறட்டும், வறட்சி வாதத்தைக் கூட்டும் என்று ஆயுர்வேதம் அஞ்சுகிறது. அதனால் எண்ணெய் வஸ்திக்கு முதலிடம் தருகிறது. (விளக்கெண்ணெய் போன்ற நெய்ப்பான பேதியை அங்கும் வாதத்துக்குத் தருவதுண்டு.) சித்தம் கீழ்வழியைத் திறந்துவிட்டால் அபானன் (கீழ்நோக்கி இயங்கும் வாயு) சீராகும் என்ற கணக்கில் சிகிச்சையையே பேதியில் தொடங்குகிறது.

காலையில் முழங்கால் பிடித்துக்கொள்ளும் ஒருவரை இந்த முறைகளிடம் அனுப்பிப் பார்ப்போம். சித்த மருத்துவர் முதல் நாள் வெறும் வயிற்றில் பேதி தருவார். அன்று கஞ்சி அல்லது மோர்ச்சோறுதான் உணவு. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகே உள்மருந்தும் வெளித் தைலமும் வரும். ஆயுர்வேத மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, இது வெறும் வாதமா, ஆமவாதமா என்பது. செரிக்காத ஆமம் வாதத்தோடு சேர்ந்து மூட்டில் தங்கியது ஆமவாதம். அதில் வீக்கம், பசியின்மை, உடல் கனம் சேர்ந்து வரும். அந்த நிலையில் எண்ணெய் தேய்ப்பது தவறு. மணலை வறுத்துத் துணியில் கட்டி உலர் ஒற்றடம், குறைந்த உணவு, சுக்குக் கஷாயம் என்றே தொடங்குவார்கள். மூட்டுவலி என்றதும் தைலம் தேய்க்கச் சொல்லும் பொது அறிவுரை அதிகம் கெடுப்பது ஆமவாதம் உள்ளவர்களைத்தான். வெறும் வாதமென்றால் வெதுவெதுப்பான நல்லெண்ணெயும் வியர்வைச் சிகிச்சையும் முதல் நாளிலிருந்தே பொருந்தும்.

யுனானிக்குப் போனால் எண்ணிக்கையே மாறுகிறது. ஹிப்போக்ரட்டீஸ், கேலன் என்ற கிரேக்க மருத்துவர்கள் வழியாக பாரசீக மருத்துவர் இப்னு சீனாவிடம் வந்த நான்கு கிலத்துகள், அதாவது உடல் நீர்மங்கள்: சூடும் ஈரமுமான இரத்தம், சூடும் வறட்சியுமான சஃப்ரா, குளிர்ச்சியும் ஈரமுமான பல்கம், குளிர்ச்சியும் வறட்சியுமான சௌதா. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இரத்தம் ஏழு உடற்கட்டுகளில் ஒன்று. இங்கே அதுவே ஒரு கிலத்து என்பதால் இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவுக்கும் அட்டை விடுதலுக்கும் பெரிய இடம் கிடைக்கிறது. சஃப்ராவைப் பித்தம் என்றும் பல்கத்தைக் கபம் என்றும் பெயர்த்துவிட்டு, சௌதாவை வாதமாக்குவது தவறு. வாதம் அசைவு, சௌதா உறைந்த கரும்பித்தம்.

யுனானியின் தனிச்சிறப்பு முன்ஸிஜ் (பழுக்கவைக்கும் மருந்து), முஸ்ஹில் (பேதி மருந்து) என்ற வரிசை. கிலத்தை முதலில் பழுக்கவைத்து, பிறகே வெளியேற்ற வேண்டும். நீர்த்த சஃப்ரா விரைவில் பழுக்கும், கெட்டியான பல்கத்துக்கு நாள் கூடும், சௌதாவுக்கு இன்னும் கூடும். பழுக்குமுன் பேதி கொடுத்தால் நீர்த்த பகுதி வெளியேறி கெட்டி தங்கிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மூட்டுவலிக்குப் பெயர்பெற்ற மூலிகைக் கிழங்கான சூரிஞ்சானில் இனிப்பு, கசப்பு என இரு வகை உண்டு. கசப்பில் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் அதிகம் என்பதால் வெளிப்பூச்சுக்கு மட்டுமே. பெயரை மட்டும் சொல்லி வாங்கிவந்து உள்ளுக்குச் சாப்பிடுவது உயிருக்கே ஆபத்து.

அன்றாட வாழ்வுக்கு எது எளிது என்றால், யுனானியின் ஆறு அவசியங்களையே முன்வைக்கலாம்: காற்று, உணவும் நீரும், உடலின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், தூக்கமும் விழிப்பும், கழிவும் தேக்கமும். மருந்துக்கு முன் இந்த ஆறையும் கேட்டு எழுதும் மருத்துவர் அமைந்தால் நல்லது. உணவு விதிகளின் நுணுக்கத்தில் ஆயுர்வேதமும், பற்பம், செந்தூரம் போன்ற தாதுமருந்துகளில் சித்தமும் முன்னால் நிற்கின்றன. அந்தத் தாதுமருந்துகள் தகுதியான மருத்துவர் கையிலிருந்து மட்டுமே வர வேண்டும்.

வாதமோ சௌதாவோ ஆய்வகத்தில் அளக்கக்கூடிய பொருள்கள் அல்ல, உடலைப் படிக்கும் மொழிகள். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் எந்த முறையில் இருந்தாலும் இரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) தொடக்கத்திலேயே மூட்டை அரிக்கும். கர்ப்பிணிகள், மெலிந்த முதியவர்கள், சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்கள் பேதி மருந்தைத் தாமாக எடுக்கவே கூடாது. நீரோடு பொட்டாசியமும் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது "எனக்கு வாத உடம்பு" என்று தொடங்காமல், பசி, மலம், தூக்கம், வலி வரும் நேரம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என்று சொல்லுங்கள்.