மாமனார் ஆண்ட பரம்பரையா? ஒரு வருஷ வம்சாவளிச் சந்தாவின் கதை

வம்சாவளி தேடுகிற ஒரு சைட்டுக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றும் கடைசி இருநூறு வருஷத்துக்கு மட்டும்தான், அதற்கு முன்னால் போகப் போக நீங்களே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொள்ளுங்கள். சைட்டின் பெயரைப் போடவில்லை, திட்டுகிற வேலையும் இருக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டரில், கணவர் இந்த ஊர்க்காரர். மாமனாருக்குப் போன வருஷம் 70 ஆனது. சட்டை, சாக்ஸ், தோட்டத்துச் சாமான் என்று எல்லாம் வாங்கிக் கொடுத்து அலுத்துப்போய், குடும்ப மரம் வரைகிற ஒரு சைட்டுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிப் பரிசாகக் கொடுத்தோம். நூறு பவுண்டுக்கு மேல். மனுஷர் பெட்டியைப் பிரித்த குழந்தை மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "நாம் மூன்றாம் எட்வர்டின் வாரிசு!" மூன்றாம் எட்வர்ட் என்றால் 1327 முதல் 1377 வரை இங்கிலாந்தை ஆண்ட ராஜா, பிரான்ஸோடு நூறாண்டுப் போரை ஆரம்பித்து வைத்தவர். நான் இதை அப்படியே ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "ராஜ பரம்பரையாடி? அப்புறம் ஏன் மாப்பிள்ளை பாத்திரம் தேய்க்கிறார்?" என்றாள். நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் ஆண்ட பரம்பரைதான், ஆளப்பட்டவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்றுதான் தெரியாது. அந்தச் சந்தேகத்தோடுதான் நான் அவருடைய லாகினை வாங்கி உள்ளே போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பைச் சர்க்கார் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1. குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயரும் 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும், பத்து வருஷத்துக்கு ஒரு முறை. கடைசியாகத் திறந்தது 1921, அது வெளியானது 2022 ஜனவரியில். 1931 கணக்கெடுப்பு தீயில் போயிற்று, 1941-ல் போர் என்பதால் எடுக்கவே இல்லை. இந்த ஏடுகளின் படங்களைச் சைட் அழகாகக் காட்டுகிறது, பெரிதாக்கினால் எழுத்தர் மை தொட்ட இடம்கூடத் தெரிகிறது. 1851 ஏட்டில் மாமனாரின் முன்னோர் வீடு லெஸ்டர்ஷயரின் ஹிங்க்லி ஊரில் இருக்கிறது. அப்பா சட்டத்தறியில் காலுறை பின்னுகிறவர், எழுத்தர் அதைச் சுருக்கி மூன்றே எழுத்தில் எழுதியிருக்கிறார். அம்மாவுக்குக் காலுறை மூட்டுகிற வேலை. அதன் கீழே எட்டு வயசுப் பெண், அவளுக்கும் அதே வேலை. நான் அந்த வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காக மட்டும் காசு கொடுக்கலாம்.

ஒரு விஷயம் கவனம். 1841 ஏட்டில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயசுக்காரர் 40 என்று இருப்பார். இது தெரியாமல் நான் ஒரு தாத்தாவை வேறு ஆள் என்று தள்ளிவிட்டேன், பிறகு போய்க் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டேன்.

இனிமேல்தான் வம்பு. சைட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'இவர் உங்கள் மூதாதையாக இருக்கலாம்' என்று ஒரு பொத்தான் மினுங்கும். அமுக்கினால் யாரோ ஒரு புண்ணியவான் போட்ட மரம் அப்படியே நம் மரத்தில் ஒட்டிக்கொள்ளும், அவர் அதை இன்னொருவரிடமிருந்து எடுத்திருப்பார், அந்த இன்னொருவர் எங்கிருந்து எடுத்தார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மாமனார் அமுக்கு அமுக்கு என்று அமுக்கி ஒரே மாலையில் 1837-லிருந்து 1377-க்குப் போயிருக்கிறார். நான் உட்கார்ந்து வருஷங்களைக் கழித்துப் பார்த்தேன். ஒரு அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தபோது அவளுக்கு வயது ஆறு. அதற்கு மேலே ஒருவர் செத்து மூன்று வருஷம் கழித்துத் தகப்பனாகியிருக்கிறார். சைட் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

சங்கிலி அறுந்த இடம் 1640-களும் 50-களும். அங்கே அறுவது சகஜம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதுகிற சர்ச் ஏடுகளை வைக்கச் சொல்லி 1538-ல் உத்தரவு போட்டவர் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் குரோம்வெல், ஆனால் நூறு வருஷம் கழித்து வந்த உள்நாட்டுப் போரில் பல ஊர்களில் ஏடு எழுதவே ஆளில்லை. அந்த இடைவெளியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பணக்காரரைப் பார்த்துத் தாவிவிடுகிறார்கள்.

எட்வர்டின் சந்ததி என்பது அத்தனை அபூர்வமும் இல்லை. 2016-ல் பிபிசியின் வம்சாவளி நிகழ்ச்சியில் கிழக்கு லண்டன் நடிகர் டேனி டையர் இதே ராஜாவின் வாரிசு என்று காட்டினார்கள், வழி மேலே சொன்ன அதே குரோம்வெல்லின் மகன் கட்டிக்கொண்ட பெண் மூலமாக. கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 தலைமுறை மேலே போனால் நமக்கு 41,94,304 முன்னோர் இடங்கள் வேண்டும். எட்வர்ட் செத்தபோது, கொள்ளைநோய்க்கு அப்புறம், இங்கிலாந்தில் இருந்ததே ஏறக்குறைய 25 லட்சம் பேர். ஆகவே ஒரே ஆள் பல இடத்தில் வந்துதான் தீர வேண்டும், ராஜாவும் உட்பட. ரத்தத்தில் இருப்பது பெரிய விஷயமில்லை, காகிதத்தில் காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. காகிதம் நிலத்தின் பின்னால்தான் போகும். ராஜாவிடம் நேராக நிலம் பெற்றிருந்தவன் செத்தால் வாரிசு யார், வயது என்ன என்று ராஜாவின் ஆட்கள் வந்து விசாரித்து எழுதினார்கள், கூலிக்காரன் செத்தால் யார் வருவார்கள்?

எங்களுக்கு உண்மையில் கிடைத்தது வேறு கிளையில். மாமனாரின் அம்மா வழியில் 1700-களில் ஒரு பாதிரியாரின் மகள், அவளுடைய தாத்தாவின் உயில், அங்கிருந்து லெஸ்டர்ஷயர் குடும்பங்கள் கேடயத்தில் வரைகிற குலச் சின்னங்களைச் சரிபார்க்க 1619-ல் எடுத்த பட்டியல். அது 1870-லேயே அச்சாகியிருக்கிறது, இணையத்தில் இலவசம். அதில் ஐந்து தலைமுறை மேலே ஒரு நைட், அதாவது 'சர்' பட்டக்காரர், கொஞ்சம் நிலம் வைத்திருந்த ஆள். அதோடு சரி, ராஜா கிடையாது. இதில் ஒரு ஏடுகூடச் சந்தா சைட்டில் கிடைத்ததல்ல: ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி சைட் இலவசம், உயில் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து, மீதி லெஸ்டர் பக்கத்தில் விக்ஸ்டனில் உள்ள மாவட்ட ஆவண அலுவலகத்தில். சந்தா சைட்டுகளையே பல பொது நூலகங்களில் காசில்லாமல் பார்க்கலாம் என்பது எனக்குப் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

அந்த நைட்டையும் நான் சத்தியம் செய்து சொல்லமாட்டேன். எங்கள் ஊர்க் கார் பார்க்கிங்கில் 2012-ல் தோண்டி எடுத்த மூன்றாம் ரிச்சர்ட் ராஜா இருக்கிறாரே, அவருடைய தாய்வழி டிஎன்ஏ இன்றைய உறவினரோடு பொருந்தியது. தந்தைவழி? ஏட்டின்படி ஒரே வம்சமான ஆண்கள் யாரோடும் பொருந்தவில்லை, நடுவில் எங்கோ ஏட்டில் உள்ள அப்பா நிஜ அப்பா இல்லை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று சும்மா சொல்லவில்லை.

இரண்டு குறைகள் பாக்கி. சைட்டில் வந்த விளம்பரத்தை நம்பி 'உங்கள் குடும்பச் சின்னம்' போட்ட பீங்கான் கோப்பை ஒன்றை மாமனார் வாங்கினார். இங்கிலாந்தில் சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுப்பது, ஒரே குடும்பப்பெயர் இருக்கிற எல்லாருக்கும் அல்ல. இரண்டாவது, வருஷம் முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டு கார்டில் பணத்தை எடுத்துவிட்டது. நாற்பது நிமிஷம் போனில் காத்திருந்து திரும்ப வாங்கினேன்.

மாமனார் இப்போது நேரம் கிடைக்கும்போதெல்லாம் விக்ஸ்டன் போய்விடுகிறார். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான், அதனால் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு. அந்தக் காலுறைக்கார வீட்டு எட்டு வயசுப் பெண் பிறகு யாரைக் கட்டிக்கொண்டாள் என்று தேடுகிறார். டீ மட்டும் இன்னும் அந்தக் கோப்பையில்தான், யாருடைய சிங்கமோ.