உயர்த்திய வண்டியில் அதிர்வு: ஸ்பேசர் போதுமா, ஷாஃப்ட்டையே மாற்றுவதா?

சஸ்பென்ஷனை மூன்று அங்குலம் உயர்த்திய மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறினேன். வேகம் எண்பதைத் தாண்டியதும் இருக்கைக்கடியிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. கியர் கம்பியைத் தொட்டால் விரல்நுனி கூசியது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த லாரிக்கு இரண்டு விளிம்புகள்.

எல்லோரும் முதலில் டயர் பேலன்ஸைத்தான் சந்தேகிப்பார்கள். கணக்குப் போட்டால் குழப்பம் தீரும். 31 அங்குல டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். ஆக்சில் விகிதம் 4.10 என்றால், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டிரைவ் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் சுழல் குழாய்) 4.10 முறை சுற்றும் என்றால், அது நொடிக்கு 46 முறை சுற்றியாக வேண்டும். டயர்க் கோளாறு ஸ்டீயரிங்கில் உதறலாகத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு வண்டு முரல்வதைப் போல உடம்பில் ஏறும். எனக்கு ஏறியது வண்டுதான்.

காரணம் கோணம். வண்டியை உயர்த்தினால் ஷாஃப்ட்டின் சரிவு கூடி, அதன் இரு முனை மூட்டுகளும் அதிகம் வளையும். அந்த மூட்டுதான் யூனிவர்சல் ஜாயிண்ட், நடுவே சிலுவை வடிவத் துண்டு கொண்டது. அது வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியேறும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 15 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் ஏறக்குறைய 3.5 சதவீதம். மறுமுனை ஜாயிண்ட்டும் அதே அளவு வளைந்து, அதன் சிலுவையும் நேர்வரிசையில் இருந்தால் ஆக்சிலுக்குப் போகும் வேகம் சமனாகிவிடும். நடுவில் இருக்கும் குழாய்க்கு மட்டும் விடுதலை இல்லை; அது உதறிக்கொண்டேதான் சுற்றும். ஷாஃப்ட் எவ்வளவு குட்டையோ அவ்வளவு மோசம். ஜீப் ராங்லரின் டி.ஜே. மாடலில் சக்கர இடைவெளி 93.4 அங்குலம்தான், அதன் நீண்ட உடன்பிறப்பில் பத்து அங்குலம் கூடுதல். ஒரே அளவு உயர்த்தினாலும் குட்டை வண்டிதான் முதலில் புலம்பும்.

நான் முதலில் போனது மலிவான வழிக்கு: டிரான்ஸ்ஃபர் கேஸைத் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி; ஷாஃப்ட்டின் மேல்முனை இதில்தான்) தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு அங்குல ஸ்பேசர்கள், அதாவது இடைவெளித் துண்டுகள். பெட்டி இறங்கினால் கோணம் குறையும். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. எண்பதில் வந்த ரீங்காரம் தொண்ணூற்றைந்துக்குத் தள்ளிப்போனது. அதோடு இரண்டு வினைகளும் வந்து சேர்ந்தன. டிரான்ஸ்ஃபர் கேஸ் இறங்கியதில் அதன் நெம்புகோல் இணைப்பும் இடம் மாறி, லோ ரேஞ்ச் (மெதுவான, வலுவான கியர்) முழுதாகப் பொருந்தாமல் நழுவியது. மேலும், பாறையில் தட்டக்கூடாது என்று மூன்று அங்குலம் உயர்த்திய வயிற்றை நானே ஓர் அங்குலம் இறக்கிவைத்திருந்தேன். அடித்தகடு முதல் மேட்டிலேயே உரசியது. இரண்டு அங்குலத்துக்குள் உயர்த்தி, பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓட்டுபவருக்கு ஸ்பேசர் தாராளமாகப் போதும். மற்றவர்களுக்கு அது தற்காலிக ஒட்டு.

பினியனை (ஆக்சிலில் ஷாஃப்ட் பூட்டும் பல்சக்கரத் தண்டு) மட்டும் மேலே சாய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஓர் எண்ணம் உண்டு. இரண்டு ஜாயிண்ட் ஷாஃப்ட்டில் அப்படிச் செய்தால் இருமுனைக் கோணமும் ஒத்துப்போகாமல் அதிர்வு கூடவே செய்யும். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் சாய்வுத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்துகிறார்கள். என்னுடையது சுருள் ஸ்பிரிங், எனவே கை நனைத்த அனுபவம் இல்லை. அலுமினியத் தகட்டைவிட எஃகுத் தகடு நல்லது என்பது மட்டும் உறுதி. அந்த இடத்தில் விழும் பாரத்துக்கு அலுமினியம் நசுங்கவும் விரியவும் கூடும்.

கடைசியில் நான் வந்து நின்றது ஸ்லிப் யோக்கை (டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலுக்குள் முன்னும் பின்னும் நழுவும் ஷாஃப்ட் முனை) ஒழிக்கும் மாற்றத்தில். டிரான்ஸ்ஃபர் கேஸின் வால்பகுதியைக் கழற்றி, உள்ளே இருக்கும் முக்கியத் தண்டையே மாற்றி, வெளியே நிலையான யோக் ஒன்றைப் பூட்ட வேண்டும். வால் குட்டையாவதால் ஷாஃப்ட் நீளமாகலாம். நீளமானால் கோணம் குறையும். ஷாஃப்ட்டின் மேல்முனையில் இரட்டை ஜாயிண்ட். அதன் இரு பாதிகளும் வளைவைச் சமமாகப் பங்கிட்டுத் தம்முள்ளேயே வேக வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். இதற்குத்தான் பினியனை மேலே சாய்க்க வேண்டும். ஷாஃப்ட்டை நேராகப் பார்த்தபடி, ஆனால் ஓரிரு டிகிரி தாழ்வாக. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பினியன் தானாக மேலேறும் என்பதால் அந்த இடைவெளி. நீளம் மாற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம்களும் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கம்பிகள்) இதனால் தேவைப்பட்டன. செலவும் கூடியது, வேலையும் கூடியது.

அப்படியிருந்தும் இதையே பரிந்துரைப்பேன். அதிர்வு அடங்கியது மட்டும் காரணமல்ல. ஸ்லிப் யோக் வண்டியில் ஷாஃப்ட்டை உருவினால், வாலின் சீல் வழியே டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் ஒழுகத் தொடங்கும். வழியில் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்ட முடியாது. துளையை அடைக்க எதையாவது தேட வேண்டும். நிலையான யோக் இருந்தால் போல்ட்டுகளை அவிழ்த்து, ஷாஃப்ட்டைப் பின்னால் போட்டு, நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றி, முன் ஆக்சிலாலேயே மெதுவாக வீடு சேரலாம். சோதனைக்கும் இதே வசதி: ஷாஃப்ட் இல்லாமல் முன்சக்கர இழுவையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் குற்றவாளி பின் ஷாஃப்ட், போகாவிட்டால் வேறெங்கோ. கோணத்தைத் திருத்தித் திருத்தி நான் மூன்று முறை ஷாஃப்ட்டைக் கழற்றினேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை. பழைய அமைப்பில் இத்தனை முறை கீழே படுக்க எனக்குப் பொறுமை இருந்திருக்காது.

பராமரிப்பில் ஒரு தொல்லை உண்டு. இரட்டை ஜாயிண்ட்டின் நடுவே ஒரு மையக் குமிழ் இருக்கிறது. என்னுடையதில் அதற்குக் கிரீஸ் செலுத்த ஊசிமுனை வேண்டும், ஷாஃப்ட்டைச் சரியான நிலைக்குத் திருப்பிவைத்தால்தான் துளையே கண்ணில் படும். வறண்டால் மெதுவாக உருளும்போது சிட்டுக்குருவி கத்துவதைப் போலக் கீச்சிடும். அந்தக் குமிழ் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் ஓட்டவில்லை. இன்னொன்று: பொருத்தியதும் சேஸிஸைத் தூக்கி ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேனும் இடித்தால் அந்த ஜாயிண்ட் பள்ளத்தில் உடையும். கோணம் அளப்பது மட்டும் வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான்.

இதெல்லாம் முடிந்தும் எனக்கு நூற்றுப்பத்தில் ஒரு மெல்லிய முனகல் மிச்சம். முன் ஷாஃப்ட்டைக் கழற்றியதும் அது நின்றது. அந்தப் பக்கம் பினியனை உயர்த்தினால் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் தளரும். அதனால் நூறோடு நிறுத்திக்கொள்கிறேன்.